30 வயசுக்கு மேல வரலாறு படிக்கலாமா? அம்பத்தூர்ல இருந்து ஒரு கல்லூரித் தேடல்!

ரெண்டாவது ஷிஃப்ட் முடிந்து எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். கையில் போன். கீழடி பற்றி ஒரு வீடியோ, அடுத்து சோழர் பற்றி ஒன்று, அதற்கடுத்து 'தமிழன் மறைத்த ரகசியம்' என்று இன்னொன்று. மூன்றாவதைப் பார்த்ததும் உங்களுக்கே சந்தேகம் வருகிறது. 'இதெல்லாம் நெஜமா? யார்கிட்ட கேட்கிறது?'

அந்தச் சந்தேகம் வந்த நாளில்தான் பலருக்கும் ஒரு பழைய ஆசை திரும்பி வருகிறது. 'பேசாம ஹிஸ்டரி படிச்சிருக்கலாம்.'

ப்ளஸ் டூவில் வரலாறு பிடிக்கும். ஆனால், வீட்டில் 'அது படிச்சா சோறு போடுமா?' என்றார்கள். ஐடிஐ, டிப்ளமோ, பி.காம் என்று எதிலோ சேர்ந்து, எங்கோ வேலைக்குப் போய், இப்போது 28, 32, 37 வயது. குழந்தை, இ.எம்.ஐ., வாரத்துக்கு ஒரே ஒரு லீவு. இந்த நிலைமையில் ஒரு வரலாற்றுப் பட்டம் சாத்தியமா? எங்கே சேர்வது? அதை நம்பி மூன்று வருடம் செலவழிக்கலாமா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் இதழியல் டிப்ளமோதான். பட்டம் கிடையாது. வயது முப்பதை நெருங்குகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு, மீதி எனக்கு.

ஏன் இப்போ இந்த ஆசை?

காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' அறிக்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 3345 வரை போகிறது என்பதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. அதே ஆண்டு மே மாதம், கீழடியின் முதல் இரண்டு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தங்கள் கேட்டு மத்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. அந்த அறிக்கையை எழுதியவர் அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா. அவர் அதைச் சமர்ப்பித்தது 2023 ஜனவரியில். டீக்கடை வரைக்கும் அந்தச் சண்டை வந்தது.

அந்தச் சண்டையில் நாம் எல்லோரும் ஒரு பக்கம் எடுத்தோம். ஆனால், 'கரிமக் காலக்கணிப்பு என்றால் என்ன? ஒரு மாதிரியின் வயதும் ஒரு ஊரின் வயதும் ஒன்றா? மண்ணடுக்கை எப்படிப் படிப்பார்கள்?' என்று கேட்டால் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? பெருமைப்படத் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை. இந்த இடைவெளியில்தான் யூடியூப் வரலாற்றாசிரியர்கள் கல்லா கட்டுகிறார்கள்.

நம்ம ஏரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு, அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வரை போகலாம் என்று 2011-ல் சொன்னது. 2018-ல் வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு, அடுத்தகட்டக் கற்கருவித் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதாகச் சொல்லி உலகம் முழுக்க பேச வைத்தது. அம்பத்தூரில் இருந்து அங்கே ஒரே நாளில் போய்விட்டுத் திரும்பிவிடலாம். போனவர்கள் எத்தனை பேர்?

முதல் கதவு: ரெகுலர் கல்லூரி

'சேர்றதுன்னா நேரா ஒரு நல்ல கல்லூரியில சேர்ந்துடலாமே' என்பதுதான் முதலில் தோன்றும். சேப்பாக்கத்தில் 1840-ல் தொடங்கிய மாநிலக் கல்லூரி இருக்கிறது. வரலாற்றுத் துறைக்குப் பெயர் போன இடம். அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. பலவற்றில் காலை, மதியம் என்று இரண்டு ஷிஃப்ட் வகுப்புகளும் உண்டு. நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு மதிய வகுப்பு பொருந்தும்போல இருக்கிறதே என்று கணக்குப் போடுவீர்கள்.

ஆனால், கதவில் ஒரு பூட்டு. தமிழக அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைச் சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு. பொதுவாக 21. பிற்படுத்தப்பட்ட, பட்டியலின மாணவர்களுக்கும், பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சில ஆண்டுகள் தளர்வு. எப்படிப் பார்த்தாலும் 30 வயதுக்காரருக்கு அந்த வகுப்பறையில் பெஞ்ச் கிடையாது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இடங்கள் குறைவு, ப்ளஸ் டூ முடித்து வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை வேண்டும். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்துக்காகப் 18 வயதில் வேலைக்குப் போனவரும் முதல் தலைமுறைதான். அவருக்கு ஒருமுறை தவறவிட்ட ரயில் திரும்ப வரவே வராது என்கிறது இந்த விதி.

தனியார் கல்லூரிகள்? அங்கே பிரச்னை வேறு. ஆவடி, பூந்தமல்லி சாலையில் போகும்போது கல்லூரி விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். பி.காம்., பி.சி.ஏ., பி.பி.ஏ., இப்போது ஏ.ஐ. வரலாறு என்ற சொல் கண்ணில் படுவது அபூர்வம். அப்படியே இருந்தாலும் பகல் நேர வகுப்பு, வருகைப் பதிவு. வேலையை விட்டால்தான் முடியும்.

இரண்டாவது கதவு: வீட்டிலிருந்தே பட்டம்

ஆக, நமக்கு நிஜமாகத் திறந்திருப்பது தொலைநிலைக் கல்விதான். இங்கே வயது உச்சவரம்பு இல்லை. 'தபால்ல படிச்ச டிகிரி'க்கு மதிப்பில்லை என்று சொல்லும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் சொல்லுங்கள்: முறையான அனுமதி பெற்ற நிறுவனத்தின் தொலைநிலைப் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி-யின் 2020-ம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 'முறையான அனுமதி பெற்ற' என்ற வார்த்தைகளில்தான் எல்லாமே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அம்பத்தூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் மூன்று வாசல்கள்.

ஒன்று, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002-ல் தொடங்கியது, சைதாப்பேட்டையில் இருக்கிறது. மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடித்தால் சைதாப்பேட்டை. தமிழ் வழியில் படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

இரண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம். அஞ்சல்வழிக் கல்வி என்ற பெயரில் 1981-ல் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்கு வயது 165-க்கு மேல், பெயருக்கு ஒரு கனம் உண்டு. இடம் சேப்பாக்கம். பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன்.

மூன்று, இக்னோ. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இதன் பலம் பாடநூல்கள். பெரிய வரலாற்றாசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து எழுதிய பாடங்கள் என்பதால், டெல்லியில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிப்பவர்கள்கூட இதைத்தான் புரட்டுகிறார்கள். பலவீனம், நமக்கு மொழி. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

எது பெஸ்ட்? ஒரே பதில் கிடையாது. தமிழில் யோசித்து, தமிழில் எழுதினால்தான் மூச்சு விட முடியும் என்றால் முதல் இரண்டு. ஆங்கிலத்தில் படிக்கச் சிரமமில்லை, பிற்காலத்தில் வெளி மாநிலங்களில் ஆய்வுக்குப் போகும் எண்ணம் உண்டு என்றால் இக்னோ. 'நான் எந்த மொழியில் பரீட்சை எழுதப்போகிறேன்' என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதிப் பேர் இடையில் நிற்பது பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, மொழி கைகொடுக்காததால்தான் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

ஏற்கெனவே பி.காம்., பி.இ. என ஏதாவது ஒரு பட்டம் வைத்திருக்கிறீர்களா? இளங்கலை மறுபடியும் வேண்டாம். எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.ஏ. வரலாறு சேரலாம் என்ற வழி இக்னோவில் உண்டு. இரண்டே வருடம். ஆனால், பள்ளி ஆசிரியர் வேலைதான் குறி என்றால், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டுமா என்று டிஆர்பி அறிவிக்கையைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

மூன்று வருடத்தை முழுங்கும் மூன்று பள்ளங்கள்

இந்தப் பகுதியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

*பள்ளம் 1: அனுமதி இல்லாத படிப்பு.* பல்கலைக்கழகம் பெரியது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு, சேரும் பாடத்துக்கு யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தெரியாத தமிழர் உண்டா? அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட வருடங்களில் சேர்ந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். தவறு மாணவர்களுடையது இல்லை. தவிப்பு மட்டும் அவர்களுடையது. யுஜிசி தளத்தில் ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. எம்.டி.எச். ரோட்டில் மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை, வாசலில் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேனர், 'ஒரே வருடத்தில் டிகிரி' என்று வாசகம். நடையைக் கட்டுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்த விதியில் இடமில்லை. 2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து, தொலைநிலையில் சேரும் மாணவர்கள் யுஜிசி தளத்தில் தாங்களே பதிவு செய்து 'டெப் ஐடி' பெற வேண்டும். 'அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கிறோம்' என்று எவராவது சொன்னால், அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

*பள்ளம் 2: ப்ளஸ் டூ இல்லாத பட்டம்.* இது அம்பத்தூருக்கு ரொம்ப முக்கியம். பத்தாவது முடித்து ஐடிஐ போய், நேரே எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இங்கே ஏராளம். இக்னோவில் ப்ளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் படிப்பு உண்டு, அதை முடித்தால் பி.ஏ. சேரலாம். கேட்க இனிக்கிறது. ஆனால், அடிப்படைப் பட்டமில்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டத்தை ஏற்க முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தமிழக அரசு அரசாணை 107-ஐ வெளியிட்டது. அரசு வேலைக்குப் பத்து, ப்ளஸ் டூ, பிறகு மூன்று வருடப் பட்டம் என்ற வரிசை வேண்டும். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளில் இன்றுவரை அந்த நிபந்தனையைப் பார்க்கலாம்.

அப்படியானால் ஐடிஐ முடித்தவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் மொழித்தாள்களை மட்டும் எழுதித் தேறினால், ப்ளஸ் டூ-வுக்கு இணையான சான்று பெறும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்தது. நீங்கள் படித்த ஐடிஐ-யிலேயே விசாரிக்கலாம். முதலில் இதை முடியுங்கள், பிறகு பி.ஏ. ஒரு வருடம் தாமதமானாலும் பரவாயில்லை. அரசு வேலை எண்ணமே இல்லை, அறிவுக்காகத்தான் படிக்கிறேன் என்பவருக்கு இந்தப் பள்ளம் பள்ளமே இல்லை.

*பள்ளம் 3: நேரக் கணக்கு.* ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 30 மணி நேரப் படிப்பு என்பது திறந்தநிலைக் கல்வியின் கணக்கு. மூன்று வருடப் பட்டம் 120 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 3,600 மணி நேரம். மூன்றே வருடத்தில் முடிக்க, வாரம் 23 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இது நடக்காத காரியம். அதையே ஆறு வருடமாக நீட்டினால், தினமும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இக்னோ பி.ஏ.வுக்கு அதிகபட்சமாக ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் தருகிறது. எந்தப் பல்கலைக்கழகமானாலும் 'அதிகபட்சக் காலம் எவ்வளவு?' என்ற கேள்வியை, கட்டணத்துக்கு முன்பே கேளுங்கள்.

கட்டணத்திலும் ஒரு எச்சரிக்கை. முதல் வருடக் கட்டணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தேர்வுக் கட்டணம், மறுபதிவு, அரியர், சான்றிதழ் எல்லாம் தனித்தனி. மொத்தமாக எழுதிப் பாருங்கள். இன்னொரு விஷயம், கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொலைதூரப் படிப்புக்குப் பொருந்தாது.

சரி, வரலாறு படிச்சா என்ன கிடைக்கும்?

நேர்மையாகப் பேசுவோம். வேலைச் சந்தையில் பி.ஏ. வரலாறு மட்டும் வைத்துக்கொண்டு சம்பளம் டபுள் ஆகாது. 'ஏதாவது ஒரு டிகிரி' கேட்கும் தேர்வுகளுக்கு அது ஒரு தகுதி. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, 2 தேர்வுகளில் தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் தனி அலகாக வருவதால் கூடுதல் பலம். பி.எட்., டெட் என்று போனால் ஆசிரியர் பணி. எம்.ஏ. வரை போய், தொல்லியல் துறை நடத்தும் முதுநிலை டிப்ளமோவில் சேர்ந்தால் கல்வெட்டு, அகழாய்வு என்று வேறு உலகம். ஆனால், இவை எல்லாவற்றிலும் போட்டி கடுமை. தேர்வுக்காக மட்டும் என்றால் அந்த மூன்று வருடத்தைத் தேர்வுக்கே செலவழிப்பது லாபம்.

அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், ராணுவக் கிடங்கின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் முதல் எழுத்துகள்தான் ஆ-வ-டி ஆனது என்று ஷேர் ஆட்டோவில் பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். வாட்ஸ்அப் அதை நம்பும். வரலாறு படித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'கிடங்கு வருவதற்கு முந்தைய நில ஆவணங்களில், வரைபடங்களில் அந்த ஊருக்கு என்ன பெயர்?' பதிலைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நடப்பார். பட்டம் தருவது அந்தக் கேள்வியைத்தான். பெரிய சம்பவங்களும் நம் பக்கத்தில்தான் நடந்திருக்கின்றன. சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை காங்கிரஸ் நிறைவேற்றிய 1955 மாநாடு நடந்தது இதே ஆவடியில்.

1949-ல் டிஐ சைக்கிள்ஸ் வந்தது, 1960-களில் தொழிற்பேட்டை வந்தது, பாடி பக்கம் வரிசையாக ஆலைகள் வந்தன. வயல், ஏரி என்று இருந்த ஊர் லேத்தும் வெல்டிங்குமாக மாறியது எப்படி? எந்த மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்? எந்தத் தெருவில் யாருக்கு வாடகை வீடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இதைக் கோபுரத்தில் யாரும் வெட்டி வைக்கவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நினைவிலும், பழைய பே-ஸ்லிப்பிலும், சங்க நோட்டீஸிலும்தான் இருக்கிறது. அந்த வரலாற்றை எழுத, இரண்டு ஷிஃப்ட்டையும் பார்த்த உங்களைவிடத் தகுதியானவர் யார்?

இது ஆறுதல் பேச்சு இல்லை. தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்துக் காட்டிய ஐராவதம் மகாதேவன் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, ஐ.ஏ.எஸ். அதிகாரி. களப்பிரர் பற்றியும் தமிழர் கலைகள் பற்றியும் எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமி ஒரு பள்ளி ஆசிரியர். பிழைப்பு ஒருபக்கம், தேடல் மறுபக்கம் என்று வாழ்ந்தவர்கள்தான் தமிழக வரலாற்றில் பாதியை எழுதியிருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் ஒரு மாத டெஸ்ட்

சேருவதற்கு முன் உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். இக்னோவின் பாடங்கள் 'இ-ஞானகோஷ்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் வேண்டும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, 30 நாள், தினமும் ஒரு மணி நேரம் படியுங்கள். மாதக் கடைசியில் ஒரு கேள்விக்கு மூன்று பக்கம் கையால் எழுதுங்கள். பத்து வருடமாகப் பேனா பிடிக்காத கை வலிக்கும். வலித்தாலும் 'அடுத்த பாடம் என்ன?' என்று தோன்றினால், விண்ணப்பத்தைத் திறங்கள். பத்தாவது நாளே போர் அடித்தால் தோல்வி இல்லை. பணம் மிச்சம், புத்தகமாக வாங்கிப் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பூண்டி போய், அங்கிருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அந்தக் கற்கருவிகளையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக அரசுக்கும் ஒரு வார்த்தை. அகழாய்வுக்குக் கோடிகளில் செலவழிக்கிறோம், கீழடியில் அழகான அருங்காட்சியகம் கட்டினோம். நல்லது. அந்தப் பெருமையைப் புரிந்துகொள்ள விரும்பும் 30 வயதுத் தொழிலாளிக்கு, அம்பத்தூரிலோ ஆவடியிலோ மாலை 7 மணிக்கு வயது வரம்பில்லாத ஒரு வரலாற்று வகுப்பு ஏன் இருக்கக் கூடாது? கட்டடம் புதிதாக வேண்டாம். ஆறு மணிக்குமேல் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி வகுப்பறை போதும்.

அது வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. என்னுடைய 30 நாள் டெஸ்ட்டில் இன்று 19-வது நாள். கை வலிக்கத்தான் செய்கிறது. நீங்க எப்போ ஆரம்பிக்கிறீங்க?